கரையான்சாவடிச் சுவரில் நாகம்மா

நூம்பல் கிராமத்து வேம்புலியின் மகள் நாகம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அதனாலேயே அவளை அடக்கமான பெண் என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூந்தமல்லியில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது படித்தாள். இயற்பியலில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்றாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பள்ளி மார்க் மட்டும் போதாது, நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள் இருக்கும். சரியானதன் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கைக்கு அது சுத்தமாகப் பிடிபடவில்லை.

வேம்புலி தனக்கிருந்த துண்டு நிலத்தில் கீரை போட்டார். மற்ற நேரத்தில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். மகள் கேட்டாள் என்று கரையான்சாவடியில் ஜவுளிக்கடை மாடியில் பார்த்தசாரதி நடத்திய டுட்டோரியலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பார்த்தசாரதி எல்லாவற்றையும் இங்கிலீஷில் நடத்தினார். நடத்தினார் என்பதுகூடத் தப்பு. அச்சடித்த தாள்களைப் படித்தார். "இந்த மாதிரி கேள்வி வந்தா கண்ண மூடிக்கிட்டு சி போடு" என்பார். ஒரு நாள் நாகம்மா எழுந்தாள்.

"ஏன் சார் சி? மத்ததுல இன்னா தப்பு கீது?"

'இன்னா' என்றதும் வகுப்பு சிரித்தது. பார்த்தசாரதியும் சிரித்தார். "ஏன்னு கேக்க இங்க நேரம் இல்லம்மா. ஏன்னு கேக்கறவங்க ஆர்ட்ஸ் காலேஜ் போகலாம்."

வாராவாரம் அவர் வைத்த பரீட்சையில் மார்க் குறைந்தவர்களை வராந்தாவுக்கு அனுப்பினார். வராந்தாவில் வாத்தியார் கிடையாது, தாள் மட்டும் வரும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழிப் பிள்ளைகள். நாகம்மாவுக்குப் பக்கத்தில் புஷ்பா. ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்கு அங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

பொங்கல் கழிந்ததும் பார்த்தசாரதி வேம்புலியை வரச் சொன்னார். "இவளால எங்க ரிசல்ட்டுதான் கெடும். கூட்டிட்டுப் போயிடுங்க. டீச்சர் ட்ரெயினிங் கீனிங் பாருங்க" என்றார். நாகம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"சரிங்க சார்" என்றார் வேம்புலி.

வீடு வரும்வரை அவள் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அந்த 'சரிங்க சார்' காதிலேயே நின்றது. சிரித்த வகுப்பைவிட, விரட்டிய வாத்தியாரைவிட, அதுதான் அதிகமாக எரிந்தது.

மறு வாரமே புஷ்பாவும் டுட்டோரியலிலிருந்து நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகம்மா பஸ் ஏறி ஆவடிக்குப் போனாள். முதலில் பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், பயனில்லை. பிறகு நாகம்மாவுக்கு ஒன்று தோன்றியது. இந்தப் பரீட்சையில் சரியான விடையைவிடத் தப்பான மூன்று விடைகளைத்தான் யோசித்து வைக்கிறார்கள். அவசரப்படுகிறவன் எதில் விழுவான் என்று தெரிந்தே அதை வைக்கிறார்கள்.

"நாமளே கேள்வி போடுவோம்டி. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன். நீ மாட்டணும், அதான் கணக்கு" என்றாள்.

அன்றே ஒன்று போட்டாள். மேலே எறிந்த கல் உச்சிக்குப் போய் நிற்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?

"சுழி, பூஜ்யம்லா. அங்கனதான் கல்லு நின்னுருதே" என்றாள் புஷ்பா.

"நின்னது வேகம். பூமி இழுக்கறத நிறுத்திச்சா? நிறுத்தியிருந்தா கல்லு அங்கியே தொங்கிகினு இருக்கும்."

"ஏட்டி, நீ நாசமாப் போவ!" என்று புஷ்பா புத்தகத்தால் அடித்தாள். அதற்குப் பிறகு இருவரும் சண்டைக்கு நிற்பதுபோலப் படித்தார்கள். ஒரு பாடத்தில் எங்கே பள்ளம் தோண்டலாம் என்று தேடிப் படிக்கும்போது அந்தப் பாடம் மண்டையில் தானாக உட்கார்ந்தது. பிறகு வேகத்துக்குப் பழகினார்கள். புஷ்பாவின் கைக்கடிகாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, முட்டுகிற கேள்வியைத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்பி வரக் கற்றார்கள். தாண்டுவதுதான் நாகம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒன்றை விட்டுவிட்டுப் போவது தோற்பதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள்.

தேர்வு முடிந்தது, முடிவு வந்தது. நாகம்மாவுக்கு அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் எலெக்ட்ரிகல் கிடைத்தது. புஷ்பாவுக்குக் கொஞ்ச மார்க்கில் கை நழுவிப் போனது.

அதற்கடுத்த வாரம் புஷ்பா மூச்சிரைக்க நூம்பலுக்கு வந்தாள். "கரையான்சாவடி பூரா உன் படந்தாம்ட்டி. சுவரு சுவரா ஒட்டியிருக்கான்."

போய்ப் பார்த்தார்கள். டுட்டோரியல் போஸ்டர். 'எங்கள் பயிற்சியில் சாதித்த எங்கள் மாணவி' என்று கொட்டை எழுத்து, நடுவில் சேரும்போது அவள் கொடுத்திருந்த போட்டோ. ரெட்டைச் சடையுடன் நாகம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகம்மா மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். மேலே புது அட்மிஷனுக்குப் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். அன்று முதன்முறையாகக் கோபத்தில் அவளுக்குப் பேச்சு வந்தது.

"யார் சார் உங்க மாணவி? வராந்தாவுல குந்த வெச்சீங்க. ரிசல்ட்டு கெட்டுப்பூடும்னு தொரத்தினீங்க. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு என் மூஞ்சிய ஒட்டுறீங்க?"

வரிசை திரும்பிப் பார்த்தது. பார்த்தசாரதி பதறவில்லை. "ஏம்மா கத்தற? உங்கப்பாவைக் கேட்டுட்டுத்தான் போட்டேன். ஸ்வீட் வாங்கிட்டு வந்தாரே, சொல்லலையா?"

அப்பா அதைச் சொல்லவே இல்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம் திரும்பினாள். "இவரு ஒண்ணும் சொல்லித் தரலம்மா. நாங்களா படிச்சோம்."

"அது சரி பாப்பா" என்றாள் அந்த அம்மா, தன் பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "ஆனா படம் போட்டு கீறாரே." வரிசையை விட்டு யாரும் நகரவில்லை.

கீழே வந்த நாகம்மா டீக்கடையில் வாளியும் தண்ணீரும் கேட்டு வாங்கினாள். போஸ்டரை நனைத்து நகத்தால் சுரண்டினாள். புஷ்பா உடைந்த ஓடு ஒன்றைக் கொண்டுவந்தாள். தன் கண், தன் மூக்கு, தன் சடை, எல்லாம் கூழாகிக் கையில் வந்தது. யாரோ வேம்புலிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா பண்றே? ஊரே பாத்து பெருமையா பேசிகினு கீது, அதப் போயி கிழிக்கிறியே!"

"நீதான் போட்டுக்கச் சொன்னியா நைனா?"

வேம்புலி சைக்கிள் பெல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "அவுரு கேட்டாரு. சரிங்கன்னேன்."

"இன்னாத்துக்கு சரிங்கன்னே? அன்னிக்கும் சரிங்க, இன்னிக்கும் சரிங்க. உனுக்கு வேற வார்த்தையே வராதா?"

அவர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவுரு எனுக்கு சேர் போட்டாரும்மா. எதிர்ல உக்கார வெச்சி, காபி வாங்கியாரச் சொன்னாரு. கம்பெனியில கூட எவனும் என்னிய உக்காரச் சொன்னதில்ல."

நாகம்மாவுக்கு அப்பா பாவம் என்று தோன்றியது. அந்தப் பாவத்தைத் தெரிந்துதான் அந்த ஆள் நாற்காலி போட்டிருக்கிறான் என்பதும் தோன்றியது. கோபம் இரட்டிப்பாயிற்று.

"அந்த சேருக்கு என்னியக் குடுத்துட்டியே நைனா" என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர், திரும்பிப் பார்த்துவிட்டு, ஏறி மிதித்துப் போய்விட்டார்.

ரோட்டில் இருந்ததையெல்லாம் சுரண்டி முடித்தார்கள். மறுநாள் காலையில் அதே சுவர்களில் புதிதாக ஒட்டியிருந்தது.

நாகம்மா கல்லூரியில் சேர்ந்தாள். புஷ்பா பட்டாபிராமில் பி.எஸ்சி. சேர்ந்துகொண்டு, அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வை மறுபடி எழுதப் பணம் கட்டினாள். வேம்புலியும் மகளும் பேசிக்கொள்ள ஆடி, ஆவணி எல்லாம் போயிற்று. பேசியபோதும் கீரையைப் பற்றித்தான் பேசினார்கள். பிற்பாடு நாகம்மா மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எவராவது அதிகாரி "உங்கப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால், நேராகப் பார்த்து, "வாட்ச்மேன்" என்பாள். பின்னால் ஒரு 'சார்' சேர்க்கமாட்டாள்.