அண்ணன் கழற்றிய கூரை

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவருடைய தங்கையாக உங்களிடம் சில வார்த்தைகள் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது காரோடு என்ற ஊரில், ஜன்மி என்று நாங்கள் அழைக்கும் ஒரு நிலக்கிழாரின் தென்னந்தோப்பில் இருந்த ஓலைவீட்டில். நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்து, அந்த வீடு நின்ற பத்து சென்ட் எங்களுக்கே சொந்தமானபோது அப்பா உயிரோடு இல்லை. அந்த மண்ணில் நல்ல வீடு கட்டத்தான் அண்ணன் பாறசாலையில் வெல்டிங் பழகி வளைகுடாவுக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்தார். வீடு எழும்பியது. திரும்பி வந்து சாலையோரம் பட்டறை வைத்தார். சபை மண்டபத்தின் இரும்புக் கூரைதான் முதல் பெரிய வேலை. தூரத்து ஊரான கள்ளிக்காட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

அந்த மண்டபத்தில் என் கல்யாணம் நடக்க இருந்த வாரம், பட்டறை முன்னால் அண்ணன் போட்டிருந்த கொட்டகை காற்றில் சாய்ந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். வெல்டிங் விட்டுப்போகவில்லை. அதன் ஓரத்தில் குழாயின் சுவர்தான் கிழிந்திருந்தது. எண்ணெய்க் குழாய் கனமானது, அதற்கு அதிகச் சூட்டில் தடித்த வெல்டிங் வேண்டும். இங்கே வாங்கிய சதுரக் குழாயோ மெலிந்தது. பழைய கைப்பழக்கத்தில் அதே சூட்டில் வைத்த வெல்டிங் குழாயையே தின்றிருந்தது. மண்டபக் கூரையிலும் அதே குழாய், அதே வெல்டிங்.

அண்ணன் வீட்டுக்குள் வந்து, "அம்மா, மண்டபத்தில கல்யாணம் வேண்டாம்" என்றார்.

"எலே மக்கா, ஊரெல்லாம் அழைச்சாச்சு. கூரை நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குது. காத்தடிச்சா நிக்காது. நான் வச்ச வெல்டிங்காக்கும், எனக்குத் தெரியும்."

"பிறகு உனக்கு ஆரு வேலை தருவாவ?"

அண்ணன் நேரே போதகரிடம் போனார். போதகர் மறுநாளே மண்டபத்தைப் பூட்டினார்.

என் கல்யாணமும் சாப்பாடும் எங்கள் முற்றத்தில் ஓலைப்பந்தலில் நடந்தது. அன்று காற்றும் இல்லை, மழையும் இல்லை. "கல்ஃப்காரனுக்குப் பயம்" என்று சிலர் சிரித்தது என் காதிலும் விழுந்தது. அண்ணன் கேளாதவர்போல் எல்லோருக்கும் பாயசம் விளம்பினார்.

பிறகு, கூலி வாங்காமல் கூரையைக் கழற்றி, கெட்ட மூட்டுகளை வெட்டி எறிந்தார். இம்முறை குழாய்ச் சுவரின் கனத்தைப் பார்த்து வெல்டிங்கின் அளவைத் தீர்மானித்தார். மெல்லிய வெல்டிங் ராடு, குறைந்த கரண்ட். ஒரு பக்கம் கொஞ்சம் வைப்பார், ஆறவிடுவார், பிறகு எதிர்ப்பக்கம். அப்படியே இடைவெளி இல்லாமல் சுற்றிவருவார். பாரம் கூடிய இடங்களில் குழாய்மேல் தகடு வைத்து இணைத்தார். கொஞ்ச காலம் பட்டறைக்கு ஆள் வரவில்லை. அண்ணி தையல் தைத்து வீட்டை நடத்தினார்கள். பிறகு அதியன்னூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தார் தேடி வந்தார்கள். "தன் வேலையைத் தானே குறை சொன்ன ஆள் இவர்தானே?" என்று கேட்டுத்தான் வேலை கொடுத்தார்கள்.

கடைசி மாதங்களில் மூச்சுத்திணறலால் அண்ணன் படுக்கையிலேயே இருந்தார். தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற அயல்வீட்டாருக்கும், அடக்க ஆராதனையில் எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பட்டறையை இப்போது அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். உங்கள் வீட்டில் அண்ணன் செய்த வேலை எதிலாவது விரிசல் கண்டால், இறந்தவரைக் குறை சொல்வதா என்று தயங்க வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், அவன் வருவான்.