தண்ணி விடாத ஐஸ்

2012-ம் வருடம், ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் மூளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் குளச்சல். அப்பா நெஞ்சுவலியில் போன பிறகு, அவர் பார்த்த மீன் வியாபாரத்தை அண்ணன் பார்த்து வந்தான். வீடு முழுக்க மீன் நறுக்குகிறவர்கள், நான் ஒருத்தி மட்டும் எலி மூளை நறுக்குகிறேன் என்று என்னைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது.

மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றுக்குச் சேதி கடத்தும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். கண்ணுக்கே தெரியாத அந்த இடத்தில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன, எது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. அந்த இணைப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, குட்டிக் குட்டிக் குப்பிகளில் உறைய வைத்திருந்தேன். அளக்கும் கருவி மதுரையில் இருந்தது. வழியில் உறைவு விட்டால் புரதம் சிதைந்துவிடும். முதல் தடவை கூரியரில் அனுப்பி அப்படித்தான் எல்லாம் பாழாயிற்று. இந்த முறையும் போனால் ஆராய்ச்சியையே விட்டுவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. அந்தப் பயத்தில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"கூரியரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் கொண்டு விடுதேன்" என்று அண்ணன் காரை எடுத்து வந்தான். தெர்மோகோல் பெட்டிக்குள் ட்ரை ஐஸ் என்கிற உலர்பனியை வைத்து அதன் நடுவே குப்பிகளை அடுக்கினோம். போதாதென்று அண்ணன் வற்புறுத்தியதில் இரண்டு பை உலர்பனியைக் கூடுதலாக வாங்கிச் சாக்கில் சுற்றிப் பின்சீட்டில் போட்டோம். ஐஸ் விஷயத்தில் அவன் பேச்சை நான் தட்டியதே இல்லை.

உலர்பனியைப் பார்த்து அவனுக்கு ஒரே ஆச்சரியம். உருகினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாது என்றேன்.

"தண்ணி விடாதா? பொறவு எங்கட்டி போவும்?"

"காத்தாப் போயிரும்ணே."

"கொள்ளாமே! நம்ம மீனுக்கு இது கிடைச்சா வண்டி நாறாதுல்லா!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மார்த்தாண்டம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏ.சி.யை மாற்றி வைத்தான் அண்ணன். "காத்து பட்டா ஐஸ் நிக்காது, கேட்டியா" என்றான். மீனுக்கு ஐஸ் போடுகிற எவரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. சாக்கு சரியாக மூடியிருக்கிறதா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

நாகர்கோவிலைத் தாண்டும்போது மழை விட்டு வெயில் அடித்தது; கண்ணாடிகளை மட்டும் இறக்கவில்லை. எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. பசி என்று நினைத்தேன். தோவாளை வந்தபோது அண்ணன் ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கினான். ஏ.சி. குளிரில் அவன் சட்டை நனைந்திருந்தது. "என்னண்ணே?" என்றேன். "வள்ளம் ஆடுதுட்டி" என்றான்.

காருக்குள் ஏது படகு? அப்பாவுக்கும் இப்படித்தான் வியர்த்துக் கொட்டியது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்து ஒதுங்கியது. என் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பார்க்கிறேன், கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆரல்வாய்மொழி பக்கம் கார் தானாகவே மண்ணில் இறங்கி ஒரு கல்லில் முட்டி நின்றது. அண்ணன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டான். 'மாதாவே, இவனையும் எடுத்துராதே' என்று கத்தினேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். அந்த ஊர்க் காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆனி மாதத்தில் அது ஆளையே தள்ளும். கதவைப் பிடுங்குவது போல வந்த காற்றில் எனக்கு முதலில் மூச்சு வந்தது. அந்தப் பக்கம் ஓடி அண்ணனைச் சட்டையோடு பிடித்து இழுத்தேன். பின்னால் வந்த வேன்காரர் ஒருவர் ஓடி வந்து அவனைத் தூக்கி மண்ணில் கிடத்தினார். முகத்தில் தெளிக்கத் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பின்சீட்டில் குனிந்தேன். சோடா மூக்கில் ஏறியதுபோலச் சுருக்கென்றது.

அப்போதுதான் புரிந்தது. நெஞ்சுவலி இல்லை. பின்சீட்டு ஐஸ் கரியமில வாயுவாகி, அடைத்த காருக்குள் எங்கள் மூச்சுக்காற்றில் கலந்துகொண்டிருந்திருக்கிறது. சாக்கு, பை, பெட்டி எல்லாவற்றையும் இழுத்து ரோட்டோரம் எறிந்தேன். பெட்டி மூடி பறந்து போனதைப் பார்த்தேன். ஓடிப்போய் எடுக்கத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் விழித்தான். என்னைப் பார்த்துவிட்டுச் சுற்றும் முற்றும் தேடினான்.

"ஏட்டி, ஒம் பெட்டிய வெயில்ல போட்டிருக்கியே, எடு..."

நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வேன்காரரே எங்களை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குப்பிகள் எல்லாம் போயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அடுத்த வருடம்தான் அந்தப் புரதங்களை அளந்து முடித்தேன். அன்று சாயங்காலம் ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து எடுத்ததும் அண்ணன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அந்தத் தண்ணி விடாத ஐஸு நம்ம நெஞ்சுக்குள்ளதான் போச்சு, என்னட்டி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அவன் 'எங்கட்டி போவும்' என்று கேட்டபோது நானும் ஒரு நிமிடம் நின்று அதை யோசித்திருக்கலாம். இன்றைக்கும் உலர்பனிப் பெட்டியைத் தொடுவதற்கு முன் என் கை தானாக ஜன்னலைத் திறந்துவிடுகிறது. காற்று முகத்தில் அடித்த பிறகுதான், அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று மனசு அடங்குகிறது.