மூன்றாம் மாடிக் கைலி

பசுந்தாங் ஓடையின் நடுவில் எங்கள் சம்பான் படகு நிற்கிறது. படகுக்காரர் கோ செல்வம் நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பை மெல்லப் போட்டு, அதை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கிறார். இந்த ஊர் வழக்கில் 'கோ' என்றால் அண்ணன், 'மா' என்றால் அக்கா. என் தூண்டில் நரம்பு நேர் கீழே இறங்க வேண்டும். படகு நகர்ந்தால் நரம்பு சாய்ந்துவிடும். அடியில் குழிக்குள் கிடக்கும் மீன் முள் கட்டிய என் ஈயத்தைத் திரும்பியும் பார்க்காது.

"குழி இங்கதான்னு எப்படித் தெரியும்?" என்கிறேன்.

"கரையில விளக்குக் கம்பம். அதுக்குப் பின்னால மூணாம் மாடியில செவப்புக் கைலி. ரெண்டும் ஒண்ணா நின்னா நாம குழிக்கு மேல இருக்கோம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் வந்து கைலியைக் கொடியிலிருந்து உருவுகிறார்.

"மா சாந்தி, எடுக்காதீங்க!" செல்வம் எழுந்து கத்துகிறார். படகு ஆடுகிறது.

"காஞ்சிருச்சு! என் வீட்டுக்காரருக்குக் கட்ட வேணும்!"

"அரை மணி நேரம்! மீன் தர்றேன்!"

சாந்தி உள்ளே போகிறார். சற்று நேரத்தில் அவர் கணவர் அதே கைலியைக் கட்டிக்கொண்டு மாடி முகப்பில் வந்து விறைப்பாக நிற்கிறார். செல்வம் திருப்தியோடு படகை நேர்ப்படுத்துகிறார். நான் ஈயத்தை இறக்கி ஆட்டுகிறேன். நரம்பு வெடுக்கென்று இழுக்கிறது. பெரிய கெளுத்தி!

மீன் படகில் விழுந்ததும் கணவர் படியிறங்கிக் கரைக்கு ஓடிவருகிறார்.

"ஏன் இறங்கினீங்க? குழி போச்சு!" என்று செல்வம் தலையில் கைவைக்கிறார்.

"மேல நின்னா மீன் சரியாத் தெரியல. நான் இனி இங்கதான் நிப்பேன். குழிய இங்க மாத்திக்கிடுங்க."

செல்வம் என்னைப் பார்க்கிறார். பிறகு படகை அவருக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

"போடுங்க" என்கிறார் என்னிடம்.