வேரோனிக்காவின் தலையாட்டல்

பஸ்சில் இருக்க இடம் கிடைத்துவிட்டால் வேரோனிக்காவின் கைகள் சும்மா கிடக்காது. மடியில் இருக்கிற கைப்பையின் மேல் வலக்கை பாட்டை வாசிக்கும், இடக்கை அதற்குத் துணை போகும், வலக்கால் சப்பாத்துக்குள்ளேயே பெடலை மிதிக்கும். கனடாவின் மல்வேர்னில் ஏறினால் இறங்குவதற்குள் ஒரு முழுப் பூசைக்குரிய பாட்டுகள் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு தரம் பார்ப்பார்கள், பிறகு தங்கள் போனுக்குள் போய்விடுவார்கள்.

கிழமை நாள்களில் அவளுக்கு மிசிசாகாவில் வேலை. விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டில் அடைக்கிற பெரிய கிச்சின். அதற்குப் புருசன் மரியரட்ணம் காரில் கொண்டுபோய் விடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓகன் வாசிப்பாள். பாடுகிற பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள், இவள் தூணுக்குப் பின்னால் இருப்பாள். எந்தச் சுருதியில் பாட என்று கேட்டால் “எதெண்டாலும் சரி” என்பாள். புடவைக் கடையில் எந்த நிறம் என்றாலும் அதே பதில். இதனால் மரியரட்ணத்துக்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் கோழிக் கால் இரண்டும் அவர் சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும்.

இப்படிப்பட்டவளை ரீவிக்காரர் கூப்பிட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஆங்கிலத்தில் ஒரு பின்னிரவு நிகழ்ச்சி. நடத்துகிறவர் பகிடி விடுவார், நடிகர்கள் வந்து கதைப்பார்கள், ஒரு மூலையில் நிகழ்ச்சிக்கென்றே ஒரு இசைக்குழு இருக்கும். அந்தக் குழுவோடு கிழமைக்கு ஒருவர் விருந்தாளியாக வந்து வாசிப்பார். குழுவின் தலைவன் றிச்சர்ட், பேஸ் கிற்றார்காரன். யாரோ ஒரு சிநேகிதனின் செத்தவீட்டுப் பூசைக்கு மல்வேர்ன் பக்கம் வந்திருக்கிறான். நன்மை அப்பம் வாங்குகிற வரிசை நீண்டுகொண்டே போக, இவளும் பாட்டை நீட்டிக்கொண்டே போய், சுவாமியார் அப்பக் கிண்ணத்தை மூடியதும் முறியாமல் இறக்கி வைத்திருக்கிறாள். ரீவியிலும் அதேதான் வேலை. விளம்பரம் வரும்வரை நிரப்பவேண்டும், கை காட்டினால் இறக்கவேண்டும். பூசை முடிந்ததும் றிச்சர்ட் தூணைச் சுற்றிவந்து போன் நம்பர் கேட்டான்.

ஒரு கிழமை லீவு எடுத்தாள். செய்தி பரவியதும் ரூஜில் இருக்கிற தம்பி அன்புராசா, நடுச்சாமத்தில் அக்கா எப்படி வீடு வருவா என்று பதறிப்போனான். நிகழ்ச்சியை எடுப்பது பின்னேரம் ஐந்து மணிக்கு என்று அவனுக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சனம் அவளை ரீவியில் பார்க்கிற நேரம் அவள் வீட்டில் நல்ல நித்திரை.

ஒவ்வொரு நாளும் கடைசிப் பாட்டில் எட்டுத் தாளக்கட்டு ஒருவருக்கு மட்டும் என்று விடுவார்கள். கமராவும் அவரிடம்தான் வரும். அது யாருக்கு என்று முன்கூட்டியே பேசுவதில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே றிச்சர்ட் புருவத்தை உயர்த்தி விருந்தாளியைப் பார்ப்பான். அவர் தலையாட்டினால் அவருக்கு, இல்லாவிட்டால் சக்ஸபோன்காரனுக்கு. அந்த எட்டின்மேல் வேரோனிக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. சின்ன ஆசையில்லை, சரியான ஆசை. குளிக்கும்போதும் அதுதான், கறி தாளிக்கும்போதும் அதுதான்.

திங்கட்கிழமை றிச்சர்ட் பார்த்தான். அவளும் சந்தோசத்தோடு தலையாட்டினாள். அவன் சக்ஸபோன் பக்கம் திரும்பிவிட்டான். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி.

“எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சிட்டான் போல,” என்று காரில் மரியரட்ணத்திடம் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருசத்தில் எதற்கும் அழாத மனுசி அழ, அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

வியாழக்கிழமை கடைசி நாள். அன்று காலையில் மகள் றஜிதா, கனடாவில் பிறந்த பிள்ளை, பதிவு செய்து வைத்ததை ரீவியில் ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“அம்மா, லுக். அவர் உங்களைத்தான் கேக்கிறார். யூ ஆர் சேயிங் நோ.”

“நான் எங்க நோ சொன்னனான்? ஓம் எண்டுதானே ஆட்டினனான்.”

ஆட்டியிருக்கிறாள்தான். இடமும் வலமுமாக, நாங்கள் எல்லாரும் ஆட்டுகிற மாதிரி, வடிவாக ஆட்டியிருக்கிறாள். றிச்சர்ட்டுக்கு அது வேண்டாம் என்று விளங்கியிருக்கிறது. றஜிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவன் மூன்று நாளும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான், வேண்டாமென்று சொன்னது தன் தலையல்லவா என்று நெஞ்சு எரிந்தது.

பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பயிற்சி தொடங்கியது. நாடியை மேலே தூக்கிக் கீழே இறக்கவேண்டும், அவ்வளவுதான். யோசித்துச் செய்தால் சரியாக வந்தது. மரியரட்ணம் சோதிப்பதற்கென்றே கதவடியில் நின்று, தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டார். தலை பழையபடி இடமும் வலமும் போனது. மனுசர் பாவம், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அவருக்கு அந்தப் பாசை விளங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, போய் றிச்சர்ட்டிடம் நேரே சொல்லுங்கோவன் என்றாள் றஜிதா.

“உது கேட்டு வாங்கிற சாமானே, பிள்ளை?” என்றாள் தாய். இதற்குமேல் அவளோடு யார் கதைப்பது?

பின்னேரம் கடைசிப் பாட்டு தொடங்கியது. வேரோனிக்கா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வாசித்தாள். நாடியை மேலே, பிறகு கீழே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். றிச்சர்ட் திரும்பிப் பார்த்தான், புருவத்தை உயர்த்தினான். அவன் கேட்கிறான் என்று தெரிந்ததும் வந்த சந்தோசத்தில் எல்லாம் மறந்துபோனது. தலை இடமும் வலமுமாக ஆடிவிட்டது.

அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது. சக்ஸபோன்காரன் குழலை வாயருகே கொண்டுபோனான்.

“றிச்சர்ட்,” என்று கூப்பிட்டாள் வேரோனிக்கா. அவன் பார்த்தான். இடக்கை கட்டைகளை விடாமல் வாசித்துக்கொண்டிருக்க, வலக்கையை எடுத்துத் தன் நெஞ்சில் இரண்டு தரம் பலமாகத் தட்டிக் காட்டினாள்.