ஆற்றங்கரையில் எடுத்த அலகு

தேதிகளைக் குறித்து வைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் வந்த அந்த ஒரு வருடத்தை மட்டும் பண்டிகைகளை வைத்துத்தான் நினைவுகூர முடிகிறது. தீபாவளிக்கு முந்திய அடைமழையில் அக்காவும் மாமாவும் பாலசமுத்திரத்திலிருந்து திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்தார்கள். மாமாவின் நாக்கில், இடது ஓரத்தில், ஆறாத புண் ஒன்று இருந்தது. புகையிலை அடக்கும் பக்கம். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் அதன் பெயரைச் சொன்னார்கள். அக்கா அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு அது "அந்தப் புண்ணு" மட்டும்தான்.

மாமாவுக்குத் தென்னந்தோப்பு. தோப்பின் ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறு கோடியில் மரத்தின் மேல் இருப்பவன் பதில் சொல்வான், அப்படி ஒரு குரல். நாக்கை எடுத்துவிட்டால் அந்தக் குரல் என்னவாகும் என்பதுதான் மூன்று பேர் மனதிலும் இருந்தது.

புற்றுநோய்ப் பிரிவின் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஒளிக்காமல் பேசினார்.

"கட்டிய வெட்டி எடுக்கத்தான் போறோம், அதுல மாத்தம் இல்ல. அதுக்கு முன்னாடி நாக்குக்குள்ளயே கதிர்வீச்சு வைக்கிற ஒரு முறைய இங்க சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம். மயக்கம் கொடுத்து, தாடைக்குக் கீழ இருந்து ஊசி ஏத்தி, நாக்கு வழியா மெல்லிசா குழாய் விடுவோம். குழாய்க்குள்ள கதிர்வீச்சு உள்ள கம்பி. சில நாள் இருக்கும். எடுத்துட்டு, சில வாரம் ஆற விட்டு, ஆபரேஷன்."

"இதுனால என்ன பலன் டாக்டர்?" என்று கேட்டேன்.

"கட்டிய விட்டு வெளிய பரவியிருக்கிற அணுக்கள் செத்துட்டா, திரும்பி வர்றது குறையும்னு எதிர்பாக்குறோம். நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா சோதனைன்னு சொல்ல மாட்டேனே. இஷ்டம் இல்லேன்னா விட்டுரலாம், நேரா ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

நான் நிறையப் படிக்கிறவன் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. அதனால் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கதிர்வீச்சைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் பயத்தைத்தான் கூட்டியது. மாமாவே பேசினார்.

"நாக்குல ஊசி, அவ்வளவுதானுங்களே டாக்டரம்மா? நானு வேலே குத்தியிருக்கேனுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். மாமா சொன்னது உண்மை. இளவயதில் இரண்டு தைப்பூசங்களுக்குச் சண்முகநதிக் கரையில் நாக்கில் வெள்ளி வேல் குத்திக்கொண்டு பழனி மலைக்குப் போனவர். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. பட்டும் நான் யோசிக்கவில்லை. மாமாவுக்குத் திண்டுக்கல் பிரியாணி உயிர். அட்மிஷனுக்கு முந்தின வாரம் வாங்கிவந்து பிரித்தபோது, "வேண்டாங்க மாப்ள" என்று நகர்த்தி வைத்தார். புண் எரியும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பாயில் படுக்காமல் வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று புதிதாக இருந்தது. ஊருக்குப் போய்வந்த அக்கா ஏதோ கோயிலில் கட்டிவந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளோ நான் கட்டிவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

மார்கழிப் பிறப்பை ஒட்டிக் குழாய்களை வைத்தார்கள். தனி அறை. கட்டிலைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஈயத் தடுப்பு. வாசலில் தரையில் ஒரு கோடு. அதைத் தாண்டக் கூடாது, அங்கேயும் செத்த நேரம்தான் நிற்கலாம். தாடைக்குக் கீழே வெள்ளைக் குழாய்களின் முனைகள் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று. மூக்கு வழியாகக் கஞ்சி. பேச முடியாது. மாமா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

"இப்படி ஒரு பேஷண்ட நான் பாத்ததில்ல. முனகல்கூட இல்ல" என்றார் நர்ஸ்.

அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள். அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தார். வெளியே வந்ததும் அவள், "கல்லு மாதிரி உக்காந்திருக்காருடா. அழுதாக்கூடத் தேவல" என்றாள்.

குழாய்களை எடுத்த பிறகு, ஆபரேஷன் வரை பழனி ரோட்டில் இருந்த என் வீட்டில்தான் தங்கினார்கள். முதல் வாரங்களில் நாக்கு வெந்து வெளுத்திருந்தது. தண்ணீர் குடிப்பதே பெரும்பாடு. பிறகு மெல்லமெல்ல ஆறியது. டாக்டர் ஆபரேஷன் நாளைத் தைப் பொங்கல் கழிந்து, பூசத்துக்கு முன்பாகக் குறித்துக் கொடுத்திருந்தார். மாமா தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று விரலால் நாக்கைத் தடவிப் பார்ப்பார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன்.

பொங்கல் முடிந்ததும் பாத யாத்திரைக் கூட்டம் எங்கள் தெருமுனையைக் கடக்கத் தொடங்கியது. பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, கொப்புளம் கண்ட கால்கள். அட்மிஷனுக்கு முந்தின நாள் காலையில் மாமா குளித்து, வேட்டி கட்டி, பையோடு வாசலில் நின்றார்.

"எங்க மாமா?"

"பழனிக்குங்க. மொட்டையப் போட்டுக் காப்பக் கழட்டிப்போட்டு அப்படியே தோப்புக்குப் போயர்றேன். காய் வெட்டு நின்னு கெடக்குது."

"நாளைக்கு மதுரை போகணுமே."

"எதுக்குங்க? கட்டி போயிருச்சு. நானே தடவிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. இன்னொருக்கா அலகு குத்தறேன், இந்த நாக்கக் காப்பாத்திக் குடுன்னு முருகங்கிட்டக் கேட்டேன். குத்தியாச்சு, எடுத்தாச்சு. அவன் குடுத்துட்டான். குடுத்ததுக்கப்பறம் போயி கத்தி வெச்சா, நம்பலேன்னுதானுங்க அர்த்தம்?"

அப்போதுதான் பிரியாணி, வெறுந்தரை, மஞ்சள் கயிறு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எனக்குப் புரிந்தன. அந்த அறையில் அவர் நோயாளியாக உட்கார்ந்திருக்கவே இல்லை. காப்புக் கட்டி, விரதம் இருந்து, மௌனமாக நாக்கில் அலகைத் தாங்கியிருக்கிறார். சோதனையின் முதல் பாதி அவருக்கு முழு வேண்டுதலாகிவிட்டிருந்தது. மேலே தெரியாததால் உள்ளே இல்லை என்று ஆகாது, வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீங்க படிச்சவுங்க மாப்ள" என்றார். அதோடு சரி.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. பாலசமுத்திரத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியும் அவள் பேச்சு மாறவில்லை.

"ஏங்க, நீங்க ரெண்டு தடவ அலகு குத்துனீகல்ல, எங்க வச்சுக் குத்துனாக?"

"சண்முகநதியில. தெரியாதாக்கும்."

"எங்க எடுத்தாக?"

"மலைக்குப் போயி."

"மலைக்குப் போயி. ஆத்தங்கரையிலயே குத்தி, ஆத்தங்கரையிலயே எடுத்துட்டு, வேட்டிய உதறிக்கிட்டு வீட்டுக்கு வந்தவுக யாராச்சும் உங்க ஊர்ல உண்டா?"

மாமா பையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஊசி குத்துனது ஆத்தங்கர. ஆபரேஷன் மலை. அந்தம்மா மொதல்லயே ரெண்டையும் சேத்துத்தான சொல்லுச்சு? பாதி வழியில திரும்பி வாரவருக்கு மொட்ட ஒரு கேடா? போங்க, போய் உங்க முருகன்கிட்டயே கேளுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். தெருமுனையில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. எந்த நிமிடமும் எழுந்து அதில் கலந்துவிடுவார் என்று நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஜன்னலருகே நின்றேன். அடுப்படிக்குப் போனால் அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கே தெரியலடா. முருகன் பேர வச்சு அவர ஆபரேசனுக்குத் தள்ளுறேன். அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நாந்தான அனுப்புனேன்? ஆனா அவரு போகணும். அம்புட்டுத்தான்."

மத்தியானம் மாமா உள்ளே வந்து பையை ஆணியில் மாட்டினார். "நாளைக்கு ரயிலுங்களா, பஸ்ஸுங்களா?" என்று கேட்டார்.

ஆபரேஷன் பகலெல்லாம் நடந்தது. நாக்கில் ஒரு பகுதி போயிற்று, பெரும்பகுதி மிஞ்சியது. வெட்டி எடுத்த சதையைச் சோதித்த முடிவு வந்த அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். மேலே இருந்த அணுக்கள் எல்லாம் செத்திருந்தன. ஆழத்தில், ஓர் இடத்தில், உயிருள்ள அணுக்கள் கொஞ்சம் இருந்தன. அதையும் சேர்த்து எடுத்தாகிவிட்டது. "அப்ப அந்தக் குழாய் வச்சது உபயோகப்பட்டுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். "இவர் ஒருத்தர வச்சு அதச் சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பேரப் பாக்கணும்" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. அக்கா அதைக் கேட்கவே இல்லை. ஆழத்தில் இருந்தது என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். தோப்புக்குப் போயிருந்தால் என்று அவள் நினைத்தது எனக்கும் கேட்டது.

தையல் ஆறியதும், "இப்பப் போயி மொட்டை போட்டுக்கங்க" என்றாள் அக்கா. மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பேச்சு குழறியது, 'ர'வும் 'ழ'வும் வரவில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை நாங்கள் சேர்த்துப் புரிந்துகொண்டோம். திரும்பி வராது என்று டாக்டர் சொல்லும்போதுதான் மலை. அதுவரை காப்பைக் கழற்றப் போவதில்லை. அக்கா சொன்ன வாதத்தை அவளிடமே திருப்பிவிட்டார்.

வருடா வருடம் தைப்பூசத்துக்குக் கயிறு மட்டும் புதிதாயிற்று. முதலில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் டாக்டரின் விரல் அந்த நாக்கின் ஓரமாக நகரும்போது நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்த பிறகு ஒரு முறை, விரல் ஓர் இடத்தில் நின்று, திரும்ப வந்து, மீண்டும் நின்றது. அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"தழும்புதான். இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா மணிக்கட்டை அக்காவிடம் நீட்டிக் குழறலாகக் கேட்டார்: "இது மலைதானா?"

அக்கா அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்ல அவளுக்கும் பயம்.

"இடும்பன் கோயில் வரைக்கும், பாதி மலை வந்தாச்சு. பேசாம ஏறுங்க" என்றாள்.