அப்பாவோடு நடந்து போய் பஸ்ஸில் திரும்பியது

என்னைப் போல அடிக்கடி தொலைந்து போகிற பிள்ளை சாமளாபுரத்திலேயே கிடையாது. பல்லடம் சந்தையில் தொலைந்திருக்கிறேன், கோயில் நோம்பிக் கூட்டத்திலும் தொலைந்திருக்கிறேன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைத் தனியாக இழுத்து, "அப்பா சும்மா நடந்துட்டு வர்றேங்கறாரு. நீயும் போ கண்ணு. அவரு கையை மட்டும் உட்டறாதே" என்றபோது எனக்கு ரோஷம்தான் வந்தது.

எங்கள் விசைத்தறிகள் நின்று போயிருந்த காலம் அது. நெய்யச் சொல்லி நூல் கொடுப்பவர்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய எனக்கு வீட்டின் அமைதி பயமாக இருந்தது. அப்பா தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குக் கிளம்பும்போது செல்போனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரியில் பல்லடம் ரோடு வரைக்கும் நடந்து, பஸ்ஸில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். என் கை வியர்த்து வழுக்க வழுக்க அப்பா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாதி வழியில் ஒரு தோட்டத்துக் கிணறு, சுற்றுச்சுவர் இல்லாதது. அப்பா நேராக அதன் ஓரத்துக்குப் போய் உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பொழுது வேறு சாய்கிறது, பஸ் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன செய்வார்?

"பஸ்ஸு போயிருமுங்ப்பா. ஊட்டுக்குப் போலாங்ப்பா."

"நீ முன்னால ரோட்டுக்குப் போயி நில்லு சாமி. அப்பா வர்றேன்" என்று கையை உருவினார்.

அடேயப்பா, நானாவது தனியாகப் போவதாவது! "மாட்டனுங்ப்பா, எனக்கு வழி தெரியாதுங்ப்பா" என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. நான் ரொம்பக் கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல வேளை, பஸ் கிடைத்தது. எங்கள் ஊர் ஸ்டாப்பில் அம்மா செருப்புக்கூட இல்லாமல் நின்றிருந்தாள். "வந்துட்டீங்களா" என்று அப்பாவின் தோளையும் முகத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நடுரோடு என்றும் பாராமல் அழுதாள். என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது நான், கொஞ்சல் மட்டும் அப்பாவுக்கா? வந்த ஆத்திரத்தில் அன்று ராத்திரி சோறே வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.