கன்றுக்கு வேலி போட்ட உங்கள் அம்மா

என் பிள்ளைகளே, உங்கள் அம்மா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. பத்தாவதோடு நின்ற எனக்கு அலங்காரமாக எழுத வராது. ஆனால் அவரைப் பிடிவாதக்காரி என்றவர்கள் கையிலும் இந்த நினைவு மலர் போய்ச் சேரும். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழை போடும் குடும்பத்தில் உங்கள் அம்மா பிறந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவர்கள் வாழைக்கன்றையும் சீர்வரிசையாக அனுப்புவார்கள். கன்றை விலைக்கு வாங்கினால் சொந்தபந்தம் அற்றவன் என்று பேச்சு வரும். சீராக வந்த கன்றில்தான் நம் முதல் தோட்டம் போட்டோம். குலை தள்ளும் நேரத்தில் இலை மஞ்சளித்து, தண்டு வெடித்து, தோட்டமே சாய்ந்தது.

வாடல் நோய் கன்றோடும் மண்ணோடும் வருகிறது என்று தோட்டக்கலைப் பயிற்சியில் சொன்னார்கள். அங்கே பட்டா வைத்திருப்பவர்களுக்குத்தான் நாற்காலி. நமக்குக் குத்தகை நிலம், மானியமும் கிடையாது. உங்கள் அம்மா பின்னால் நின்றே கேட்டார். அந்த வயலை நெல்லுக்கு விட்டு, வேறு வயல் பிடித்து, மகளிர் குழுக் கடனில், நோய் ஒட்டாமல் ஆய்வகத்தில் வளர்த்த திசு வாழைக் கன்று வாங்கினார். வேலியோரம் குடத்தில் தண்ணீர் வைத்து, கால் மண்ணைக் கழுவாத யாரையும் உள்ளே விடவில்லை.

"இங்க என்ன கோயிலா கட்டியிருக்கு?" என்று ஊர் சிரித்தது.

"சிரிச்சுக்கிட்டே கழுவுங்க" என்றார்.

அந்த நடவுக்குத்தான் அவர் தம்பி, உங்கள் மாமா, வேன் நிறையக் கன்றோடு வந்து நின்றார்.

"இறக்காதே தம்பி."

"பொறந்த வீட்டுக் கன்னு நாறுதாக்கா உனக்கு?"

"நீ வா, சோறு தின்னு. கன்னு வர வேணாம்."

மாமா சாப்பிடாமலே வண்டியைத் திருப்பினார். நீங்கள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கும் வரவில்லை. அன்று அம்மா அழுதார். "நாலு கன்னை ஓரமா வச்சுத் தொலைச்சா என்ன?" என்றேன். "நோய்க்கு ஓரம் நடு தெரியுமா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தோட்டம் சாயவில்லை. நீங்கள் படித்தது அதில்தான். பிடிவாதம் என்று சொல்லிக்கொள்ளுங்கள் உறவுகளே, எங்களுக்குச் சோறு போட்டது அதுதான்.

சிறுநீரகம் கெட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "குடத்துல தண்ணி இருக்கா?" என்றே கேட்டார். அங்கே அவரைத் தாய்போலப் பார்த்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், மாறி மாறி வந்து காவல் இருந்த குழுப் பெண்களுக்கும், கல்லறை வரை தோள் கொடுத்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

போன மாதம் மாமா தோட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு கன்று.

"அக்கா ஞாபகமா இது ஒன்னு மட்டும் நடுறேன் அத்தான்."

"நீ வா, சோறு தின்னு. கன்னு வர வேணாம்."

என்னையே வெறித்துப் பார்த்தார். "செத்தும் விட மாட்டேங்குதே எங்கக்கா" என்றார். கன்றை வெளியே ரோட்டோரம் வைத்தார். யாரும் சொல்லாமலே குடத்துத் தண்ணீரை மொண்டு, விரலிடுக்கு மண் போகக் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.